முன்பாரம் பத்து விழுக்காடு: மனப்பாடம் போதுமா?

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கிராமங்களிலும் இப்போது வண்டிகள் குறைந்துவிட்டன. ஆனாலும் வாய்ப்புக் கிடைத்தால் நின்று கவனியுங்கள். ஏற்றுகிறவர் முதல் மூட்டையை இருசுக்கு நேர் மேலே போடுவார். பிறகு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று அடுக்குவார். நடுவில் ஒரு முறை நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்து, "பின்பாரமா இருக்கு, ஒரு மூட்டையை முன்னே தள்ளு" என்பார். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பும். மாட்டின் கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். முன்பாரம் அதிகமானால் சுமை முழுவதும் மாட்டின் கழுத்தில் இறங்கும். இரண்டும் ஆகாது. கொஞ்சம் முன்பாரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதே கேள்வி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் எழுகிறது. அங்கே காரின் பின்னால் ஒரு சிறிய டிரெய்லரை மாட்டிக்கொண்டு காட்டோரம், ஏரிக்கரை என்று போய்த் தங்குவது நெடுநாள் வழக்கம். டிரெய்லருக்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். பெரும்பாலான சிறு டிரெய்லர்களுக்கு ஒரே அச்சு, இரண்டே சக்கரம். காரின் பின்புறத்தில் ஓர் இரும்புக் குண்டு (ஐரோப்பாவில் அதன் விட்டம் 50 மி.மீ.), டிரெய்லரின் முன் நுனியில் அந்தக் குண்டின்மேல் கவிழ்ந்து உட்காரும் ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணம் குண்டைக் கீழ்நோக்கி எவ்வளவு அழுத்துகிறது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

அமெரிக்கர் இதை 'நாக்கு எடை' என்கிறார்கள். பிரிட்டனில் 'மூக்கு எடை'. ஜெர்மானியர் சொல்லைத் தமிழாக்கினால் 'தாங்கு சுமை' என்று வரும். நம் வண்டிக்காரர் சொல்லான 'முன்பாரம்' இவை மூன்றையும்விட நல்ல சொல் என்பது என் கருத்து. எங்கே பாரம் என்பதை அது நேராகச் சொல்லிவிடுகிறது.

எவ்வளவு முன்பாரம் வேண்டும்? அமெரிக்காவில் டிரெய்லர் வாங்கும் எவரும் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான்: டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு. பிரிட்டனில் கேட்டால் 5 முதல் 7 விழுக்காடு என்பார்கள். ஜெர்மனியின் விதிப்படி குறைந்தது 4 விழுக்காடு இருந்தால் போதும். அதுவும் 25 கிலோவுக்கு மேல் கட்டாயமில்லை. இயற்பியல் விதி கடல் தாண்டினால் மாறுமா? மாறாது. அப்படியானால் யார் சொல்வது சரி?

இந்த எண்கள் எதுவுமே இயற்கையின் விதி அல்ல என்பதுதான் நான் சொல்ல வந்தது. இவை அந்தந்த நாட்டின் வேகம், வண்டியின் அமைப்பு, காரின் உறுதி ஆகியவற்றுக்கு ஏற்ப உருவான சமரசங்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் 'பத்து விழுக்காடு' என்று மந்திரம்போல ஒப்பிப்பவர், தம் டிரெய்லரை ஒரு நாளும் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் முன்பாரம் ஏன் தேவை என்று பார்ப்போம். இறகுப் பந்தை எப்படி அடித்தாலும் அது காற்றில் திரும்பி, தக்கை முன்னாலும் இறகு பின்னாலுமாகவே பறக்கிறது அல்லவா? கனமான தக்கையால் அதன் ஈர்ப்பு மையம் முன்னால் இருக்கிறது. காற்றின் தடை இறகுகளில், அதாவது ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் செயல்படுகிறது. பந்து சற்றுக் கோணலானாலும் அந்தத் தடை அதை நேராக்கிவிடும். டிரெய்லரில் இறகின் வேலையைச் செய்பவை டயர்கள். டிரெய்லர் பக்கவாட்டில் சற்று விலகினால், சாலை டயர்களைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஈர்ப்பு மையம் அச்சுக்கு முன்னால் இருந்தால் இந்தத் தள்ளுதல் வண்டியை நேராக்கும். ஈர்ப்பு மையம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் அதே தள்ளுதல் கோணலை வளர்க்கப் பார்க்கும். இறகுப் பந்தை இறகு முன்னால் இருக்கும்படி எறிவதற்கு ஒப்பானது அது. டிரெய்லர் குண்டில் மாட்டப்பட்டிருப்பதால் பந்துபோல முழுதாகத் திரும்பிவிட முடியாது. அதற்குப் பதிலாகக் காரின் பின்பகுதியை இடமும் வலமுமாக இழுத்து ஆட்டும். பிரிட்டிஷார் இதைப் 'பாம்பாடுதல்' என்று பொருள்படும் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். பொருத்தமான சொல்தான்.

இந்தப் பாம்பாட்டத்தில் ஒரு வஞ்சகம் உண்டு. மெதுவாகப் போகும்போது அது தெரியாது. ஊசலைத் தண்ணீருக்குள் ஆட்டினால் இரண்டு மூன்று அலைவுகளில் அடங்கிவிடும்; காற்றில் ஆட்டினால் வெகுநேரம் ஆடும். டிரெய்லரின் அலைவை அடக்குவது டயர்களுக்கும் சாலைக்கும் இடையிலான பிடி. வண்டியின் வேகம் கூடக்கூட இந்த அடக்கும் திறன் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அது சுழியாகிவிடும். அந்த வேகத்தைத் தாண்டினால், பக்கத்தில் ஒரு லாரி கடந்துபோகும்போது அடிக்கும் காற்றே போதும். ஆட்டம் அடங்காமல், அலைவுக்கு அலைவு பெரிதாகும். மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் சாதுவாக வந்த டிரெய்லர், இறக்கத்தில் 95 கி.மீ. வேகம் வந்ததும் காரையே புரட்டிவிடக்கூடும். "இத்தனை தூரம் ஒன்றும் ஆகவில்லையே" என்று ஓட்டுநர் நினைப்பதில் பொருளில்லை. அவர் இதுவரை அந்த வேகத்தைத் தொடவில்லை, அவ்வளவே.

முன்பாரம் கூடினால் இந்த எல்லை வேகமும் பொதுவாகக் கூடும். நாட்டுக்கு நாடு எண் மாறுவதற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் கார் பொதுவாக மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. தகுதிச் சான்று பெற்றவை மட்டும் 100 வரை போகலாம். பிரிட்டனில் நெடுஞ்சாலையிலேயே உச்ச வேகம் 60 மைல், அதாவது ஏறத்தாழ 97 கி.மீ. அமெரிக்காவில் கலிபோர்னியா 55 மைல் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் மற்ற கார்களின் வேகத்திலேயே டிரெய்லரும் போகலாம் என்று விட்டுவிட்ட மாநிலங்கள் பல. கூடுதல் வேகத்துக்குக் கூடுதல் முன்பாரம் தேவை. ஐரோப்பியக் கார்களிலோ குண்டின்மேல் ஏற்றக்கூடிய சுமைக்கு 75 கிலோ, 100 கிலோ என்று சிறிய வரம்பு இருக்கும். அதற்கேற்ப அங்கே டிரெய்லரின் அச்சை நடுப்பகுதிக்குப் பக்கமாக வைத்து, கனமான பொருள்களையும் நடுவிலேயே வைக்கிறார்கள். ஆகவே ஐரோப்பாவின் 6 விழுக்காட்டைப் படித்துவிட்டு அமெரிக்க வேகத்தில் ஓட்டுகிறவர் இரண்டு நாடுகளின் அனுமதியையும் எடுத்துக்கொண்டு, இரண்டு நாடுகளின் எச்சரிக்கையையும் விட்டுவிடுகிறார்.

இனிக் கணக்குக்கு வருவோம். (எடையை நியூட்டனில்தான் சொல்ல வேண்டும் என்று உங்கள் ஆசிரியர் கண்டிப்பார், அவர் சொல்வது சரி. ஆனாலும் கடைத் தராசின் வழக்கப்படி கிலோவிலேயே பேசுவோம்.) ஒரு டிரெய்லரின் எடை 600 கிலோ. குண்டிலிருந்து அச்சுவரை 300 செ.மீ. ஈர்ப்பு மையம் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால். அச்சைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால் முன்பாரம் 600 × 30 ÷ 300 = 60 கிலோ. சரியாகப் பத்து விழுக்காடு. வாங்கிய அன்று நிலைமை இதுதான் என்று வைத்துக்கொள்வோம்.

விடுமுறை வருகிறது. பிள்ளைகளின் இரண்டு சைக்கிள்கள், மொத்தம் 30 கிலோ. அவற்றை டிரெய்லரின் பின்புறம், அச்சுக்கு 200 செ.மீ. பின்னால் தொங்கவிடுகிறார்கள். நெம்புகோல் விதிப்படி முன்பாரத்தில் 30 × 200 ÷ 300 = 20 கிலோ குறையும். அச்சுக்கு 120 செ.மீ. பின்னால் உள்ள தொட்டியில் 40 லிட்டர் தண்ணீர் நிரப்புகிறார்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் இன்னும் 16 கிலோ போயிற்று. கூடாரத் துணி மூட்டை 20 கிலோ. அது அச்சுக்கு 180 செ.மீ. பின்னால் உள்ள அலமாரியில். அதனால் 12 கிலோ குறைகிறது. இப்போது டிரெய்லரின் எடை 690 கிலோ. முன்பாரமோ வெறும் 12 கிலோ, இரண்டு விழுக்காடுகூட இல்லை. யாரும் முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். சைக்கிள் மாட்டும் சட்டத்தைக் கடைக்காரர் விற்றார். தொட்டியைத் தயாரிப்பாளரே பின்னால் வைத்தார். காலியாக இருந்த அலமாரியில் மூட்டையை வைத்தார்கள். பத்து விழுக்காடு என்ற பாடம் எல்லோருக்கும் தெரிந்தும் இருந்தது!

மாற்றுவதும் இதே கணக்குத்தான். சைக்கிள்களைக் காரின் கூரைக்கு மாற்றுங்கள். மூட்டையை அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் தரையில் வையுங்கள். தண்ணீரை இறங்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். டிரெய்லர் 620 கிலோ, முன்பாரம் 62 கிலோ. எந்தக் கருவியும் வாங்கவில்லை, ஒரு காசு செலவில்லை.

"பின்பாரத்தை ஈடுகட்ட முன்னாலும் கொஞ்சம் கனத்தை வைத்தால் போயிற்று" என்று சிலர் சொல்வதுண்டு. இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடக் கடுமையாக மறுப்பேன். அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 40 கிலோ, 2 மீட்டர் முன்னால் 40 கிலோ வைத்தால் முன்பாரம் மாறாதுதான். ஆனால் வண்டியின் நிலைமத் திருப்புத்திறன் என்னாகும்? நிறையைத் தொலைவின் இருமடியால் பெருக்க வேண்டும்: 40 × 4 = 160; இரண்டுக்கும் சேர்த்து 320. அதே இரண்டு சுமைகளை அச்சிலிருந்து 30 செ.மீ. தொலைவில் வைத்திருந்தால் வெறும் 7.2தான். இருக்கும் இடம் மட்டுமே மாறியது. அந்தச் சுமைகளின் பங்கு நாற்பது மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. இரண்டு முனைகளிலும் கனமுள்ள வண்டி ஆடத் தொடங்கினால் எளிதில் நிற்காது. சிலம்பக் கம்பின் இரு முனைகளிலும் கல்லைக் கட்டிச் சுழற்றி, சட்டென்று நிறுத்திப் பாருங்கள், புரியும். (தனியிடத்தில் செய்யுங்கள்.) இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தார் காரும் டிரெய்லரும் சேர்ந்து அதிவேகத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்று சோதனை செய்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முன்பாரத்தோடு நிறை பரவியிருக்கும் விதமும் அச்சின் இடமும் நிலைப்பைத் தீர்மானிக்கின்றன என்பதை அது காட்டியது. பத்து விழுக்காடு என்ற ஒற்றை எண் இதைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

சரி, பயத்தில் முன்பாரத்தை ஏற்றிக்கொண்டே போகலாமா? அதுவும் கூடாது. காரின் பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் குண்டு இருக்கிறது, இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி 2.5 மீட்டர் என்று கொள்வோம். குண்டின்மேல் 60 கிலோ அழுத்தினால் காரின் பின்சக்கரங்களில் எவ்வளவு கூடும்? 60 என்றுதான் பலரும் சொல்வார்கள். விடை 84! ஏனென்றால் முன்சக்கரங்களிலிருந்து 24 கிலோ தூக்கப்பட்டு அதுவும் பின்னுக்கு வந்துவிடுகிறது. முன்சக்கரங்கள்தாம் திருப்புகின்றன, பிரேக்கின் பெரும்பங்கும் அவற்றுடையதே. அவை இலேசானால் ஸ்டீரிங் சொன்னபடி கேட்காது. முகப்பு விளக்குகள் வானத்தைப் பார்த்து எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசவைக்கும். கரும்பு ஏற்றிய இரட்டைச் சக்கர டிரெய்லரை இழுக்கும் டிராக்டர் மேட்டில் ஏறும்போது அதன் முன்சக்கரம் அந்தரத்தில் எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே நெம்புகோல்தான். ஆனால் அங்கே பின்சக்கரத்தின் இழுவிசையும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே நிறுத்துப் பார்க்க வேண்டும். கையால் தூக்கிப் பார்த்தால் போதாதா, நம் வண்டிக்காரர் அப்படித்தானே செய்கிறார் என்று கேட்பீர்கள். அவர் நடக்கும் வேகத்தில் போகிறவர். நாள்தோறும் அதே வண்டியைத் தூக்கிப் பார்த்துப் பழகியவர். பாரம் பிசகினால் மாடே அவருக்குச் சொல்லிவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை டிரெய்லரை மாட்டி, மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு அந்த வசதிகள் இல்லை. காரும் மாடல்ல.

நிறுப்பதற்குக் குளியலறைத் தராசு ஒன்று போதும். டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஓர் உறுதியான பலகை. அதன் ஒரு முனைக்கு அடியில் ஒரு குழாய்த் துண்டை வைத்துச் செங்கல்லின் மேல் தாங்க வேண்டும். மறுமுனைக்கு அடியில் இன்னொரு குழாய்த் துண்டு, அதன்கீழ் தராசு. இரண்டு தாங்கல்களுக்கும் இடையே 3 அடி. செங்கல் பக்கத் தாங்கலிலிருந்து 1 அடியில் டிரெய்லரின் முன் நுனியை ஒரு முட்டின்மேல் இறக்க வேண்டும். தராசு காட்டும் அளவிலிருந்து வெறும் பலகைக்குக் காட்டியதைக் கழித்து, மூன்றால் பெருக்கினால் முன்பாரம் வரும். ஏன் மூன்று என்பதை நீங்களே நிறுவிக்கொள்ளலாம்.

முன் நுனி, காரில் மாட்டும்போது உள்ள உயரத்திலேயே இருக்க வேண்டும். இது சடங்குக்காகச் சொல்வதல்ல. ஈர்ப்பு மையம் அச்சைவிட 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறதென்றால், முன் நுனியை 5 பாகை தூக்கியதும் அது சுமார் 5 செ.மீ. பின்னுக்கு நகர்ந்துவிடும், நம் 600 கிலோ டிரெய்லரில் 10 கிலோ முன்பாரம் காணாமல் போகும். மேட்டில் ஏறும்போது வண்டிக்காரர் முன்னே வந்து உட்காருவதும், இறக்கத்தில் பின்னுக்கு நகர்வதும் எதற்கு என்று இப்போது தெரிகிறதா?

பிரிட்டனில் முன்பாரம் அளக்கும் சிறிய சுருள்வில் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. டிரெய்லரை நிறுத்தி வைக்க உதவும் முன் சக்கரத்திலேயே அளவியைப் பொருத்தியும் விற்கிறார்கள். ஆனால் அதைத் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டும். மெத்தையின் நிறத்தையும் அடுப்பின் அழகையும் பக்கம் பக்கமாக விளம்பரப்படுத்துகிறவர்கள், இந்த அளவியை எல்லா டிரெய்லரிலும் வைத்தால் என்ன? தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் முன்பாரம் எவ்வளவு என்று ஒரு தகட்டில் பொறித்து ஒட்டினால் என்ன? அரசுகள் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. விலை கொஞ்சம் கூடும் என்பார்கள். கூடட்டும்.

இப்போது மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. ஆட்டத்தை உணர்ந்து டிரெய்லரின் பிரேக்கையோ காரின் சக்கரங்களையோ தாமாகவே பிடித்து வேகத்தைக் குறைக்கும். நல்ல கருவிகள், பல உயிர்களைக் காக்கக்கூடியவை. ஆனால் அவை ஆட்டம் தொடங்கிய பிறகே வேலை செய்கின்றன, ஈர்ப்பு மையத்தை ஓர் அங்குலம்கூட நகர்த்துவதில்லை. காரின் முன்சக்கரங்களுக்குப் பாரத்தைத் திருப்பி அனுப்பும் வில்கம்பி இணைப்புகள் அமெரிக்காவில் உண்டு. அவற்றாலும் பின்பாரம் ஏற்றிய டிரெய்லரை முன்பாரமாக்க முடியாது.

ஆட்டம் தொடங்கியேவிட்டால் என்ன செய்வது? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானே குறைய விட வேண்டும். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பத் திருப்ப, மனிதனின் கை எப்போதும் அரை நொடி பிந்துவதால், ஊஞ்சலைத் தள்ளுவதுபோல் அது ஆட்டத்துக்கே துணை போகும். வேகத்தைக் கூட்டினால் ஆட்டம் நேராகிவிடும் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். காரின் பிரேக்கைப் பலமாக மிதிப்பதும் கூடாது. டிரெய்லருக்கு மட்டும் தனி மின் பிரேக் இருந்தால் அதை மெல்லப் பிடிக்கலாம். அது பின்னாலிருந்து இழுத்து வண்டிகளை ஒரே கோட்டுக்குக் கொண்டுவரும். வேகம் அடங்கியதும் ஓரமாக நிறுத்தி, பின்னால் இருக்கும் கனத்தை முன்னால் மாற்றாமல் அங்கிருந்து கிளம்பக் கூடாது.

திரும்பும் பயணத்திலும் ஒரு முறை நிறுக்க வேண்டும். முன் நுனிக்கு அருகே வைத்திருந்த எரிவாயு உருளை தீர்ந்திருக்கும். சாப்பாட்டுப் பெட்டி காலியாகியிருக்கும். ஈரத் துணிகளும் பிள்ளைகள் ஆற்றங்கரையில் பொறுக்கிய கூழாங்கற்களும் பின் அலமாரிக்குள் ஏறியிருக்கும். பலகையும் தராசும் கையில் இருந்தால் பத்து நிமிட வேலை.